பழைய வெர்ஷனில் ஒரு காப்பி

முதன்முதலில் போனில் பேசியபோது அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உங்ககிட்ட எந்த வருசத்து வெர்ஷன் இருக்கு?" என்று கேட்டார்.

பழைய வண்டி வாங்குகிற யாரோ நம்பர் மாறிக் கூப்பிட்டுவிட்டார் என்று நினைத்தேன். "கொஞ்சம் பழைய மாடல்தாங்க. பாடி அடி வாங்கியிருக்கு. இன்ஜின் பரவாயில்ல" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"உங்களக் கேக்கல. உங்க கம்ப்யூட்டரக் கேட்டேன்."

நான் காரைக்குடி செக்காலைப் பக்கம் வீட்டுப் பிளான் போடுகிறவன். இன்ஜினியர் இல்லை. கடை போர்டில் இன்ஜினியர் என்ற சொல் வரும். அதற்கு முன்னால் பொடி எழுத்தில் வேறு இரண்டு சொற்கள் உண்டு, அதைப் படிக்கிற அளவுக்கு யாரும் கிட்டே வருவதில்லை. போனில் கேட்ட அந்தப் பெண் முத்துப்பட்டணத்தில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தார். பழைய வீடுகளை அளந்து முதல் படம் வரைவது என் வேலை. அதைத் திருத்தி, அப்ரூவலுக்குப் போகிற மாதிரி முடிப்பது அவர் வேலை. ஆக ஒரே படம் என் கம்ப்யூட்டருக்கும் அவர் கம்ப்யூட்டருக்கும் போய் வந்துகொண்டிருக்கும்.

இந்த டிராயிங் சாப்ட்வேரில் ஒரு சங்கடம் உண்டு. பழைய வெர்ஷனில் வரைந்ததைப் புது வெர்ஷன் திறந்துவிடும். புதியதில் வரைந்ததைப் பழசு திறக்காது. 'இது உன்னைவிடப் புதியது' என்று இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்து நிற்கும். எனக்கு அப்போது கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் பெண் வீட்டார் சொல்லி அனுப்பியது போலவே இருக்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. அனுப்புகிறவர் தன் படத்தைப் பழைய வெர்ஷனுக்கு இறக்கி, அதற்கென்று ஒரு காப்பி சேவ் செய்து அனுப்ப வேண்டும். ஒரே ஒரு கிளிக். அதை யாரும் செய்வதில்லை. தனக்குத் திறக்கிறது, எதிராளிக்குத் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன.

அவர் செய்வார். அவர் மேஜையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. தேவகோட்டை இன்ஜினியர், திருப்பத்தூர் சர்வேயர், பிரிண்ட் போடுகிற கடை, நான், எல்லார் பெயருக்கும் எதிரே அவரவரிடம் இருக்கிற வெர்ஷன். ஒரு படம் ஆறு பேருக்குப் போக வேண்டுமென்றால் ஆறு விதமாக இறக்கி அனுப்புவார். என் கம்ப்யூட்டர்தான் அந்த நோட்டிலேயே ஆகக் கிழடு. எனக்கு வருகிற காப்பி எப்போதும் பழசிலும் பழசு.

"உங்களாலதான் மேடம் இது இன்னும் உசிரோட இருக்கு" என்று ஒரு நாள் சொன்னேன்.

"மாத்தத்தான் செய்யுங்களேன்."

"ஆளையா, கம்ப்யூட்டரையா?"

"ஆள மாத்த வெர்ஷன் வரலையே சார்."

அதுதான் அவர் சொல்லி நான் கேட்ட முதல் ஜோக். நான் சொன்னதில் எதற்கும் அவர் சிரித்ததில்லை. தான் சொல்லிவிட்டு மட்டும் கொஞ்சம் சிரிப்பார், வாயை மூடிக்கொண்டு.

இந்த இறக்கிக் கொடுக்கிற பழக்கம் கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. கழனிவாசலில் ஓர் அம்மாவுக்கு வீடு. கணவர் சிங்கப்பூரில் வேலை. பிளானைக் கொண்டுபோய் நீட்டினோம். அந்த அம்மா பேப்பரைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார். "நல்லா இருக்கு" என்கிறார். அப்படிச் சொன்னால் ஒன்றுமே புரியவில்லை என்று அர்த்தம். எனக்கு அது போதும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று பேனாவைத் திறந்தேன். இவர் நேராகப் பக்கத்துக் கடைக்குப் போய் கோலமாவு வாங்கிவந்தார். அந்த வெற்று மனையில், அந்த வெயிலில், டேப்பைப் பிடிக்கச் சொல்லி வீட்டை அதே அளவில் தரையில் போட்டார். பிறகு அந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

"வாங்கக்கா, வீட்டுக்குள்ள வாங்க. செருப்பப் போட்டுக்கிட்டே வாங்க, இன்னும் தரை போடல. இதுதான் அடுப்படி. இங்குட்டு அடுப்பு. நின்னு கைய நீட்டுங்க."

அந்த அம்மா கையை நீட்டினார். கை கோலக்கோட்டைத் தாண்டி வெளியே போனது.

"என்னம்மா, செவுத்துல இடிக்குமே!"

"இடிக்கும்லக்கா? அதத்தான் நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீக."

டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் அந்த அம்மாவின் படுக்கையறையில் நின்றிருந்தேன். "தள்ளி நில்லுங்க சார், அது பீரோ வைக்கிற எடம்" என்றார் இவர். சமையலறை இரண்டடி பெருசானது.

இன்னொன்று நெற்குப்பையில். இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்ள நாங்கள் படம் போட்டுக் கொடுத்தோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ஒருவரைத் தவிர. வயதான செட்டியார். "படம் தப்பு" என்கிறார். எது தப்பென்று கேட்டால், "எல்லாம் தப்பு. இது எங்க வீடே இல்ல." நான் இரண்டு தரம் போய் அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது தரம் இவரும் கூட வந்தார். படத்தை எடுக்கவே இல்லை.

"அய்யா, சின்னப் பிள்ளையில பள்ளிக்கூடம் விட்டு வந்தா எந்த வாசல் வழியா உள்ள வருவீக?"

"பின்தெரு வாசல்தான். முகப்புல எங்க பெரியப்பச்சி உக்காந்திருப்பாக. அங்குட்டுப் போனா வாய்ப்பாடு கேப்பாக."

இவர் படத்தை விரித்து, தலைகீழாகத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். அவ்வளவுதான். அந்தப் பெரியவரின் விரல் பின்வாசலில் நுழைந்தது. "இது கெணறு. இது அடுப்படி. இது எங்காத்தா அரிசி பொடைக்கிற எடம். இது வளவு, நடு முத்தம். அப்ப எனக்கு விட்ட ரூமு... இதா? அட, சரியாத்தானே இருக்கு! மொதல்லயே இப்பிடிப் போட்டுக் கொண்டாந்தா என்ன?"

அவருக்காக ஒரு படம் மட்டும் தனியாக, பின்தெரு கீழே வருகிற மாதிரி, எழுத்தெல்லாம் நேராக நிற்கிற மாதிரி, மறுபடி போட்டுக் கொடுத்தார். எந்த ஆபீசும் அப்படி ஒரு படத்தை வாங்கிக்கொள்ளாது. அந்தப் பெரியவர் வீட்டில் வைத்துக்கொள்ள மட்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது, "உங்களுக்கு யாரு மேடம் இப்பிடித் திருப்பிப் போட்டுக் குடுப்பாக?" என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எப்பிடி வச்சாலும் படிச்சிருவேன் சார்" என்றார்.

அவருக்கு ஊர் இளையாத்தங்குடிப் பக்கம், விவசாயக் குடும்பம். அப்பா அம்மா இல்லை. தம்பி கோயம்புத்தூரில் குடும்பத்தோடு. இவர் காரைக்குடியில் ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். மத்தியானம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்குப் போவார் என்று அந்தத் தெருவில் போகும்போது கவனித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்தத் தெருவில் என்ன வேலை என்று கேட்கக் கூடாது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று நான் அவரைக் கேட்டதில்லை. என்னை யாராவது கேட்டால் எனக்குப் பிடிக்காது. நான் பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் பலகாரம் நன்றாக இருந்தது. அதோடு சரி.

இப்போது என் அயோக்கியத்தனத்துக்கு வருகிறேன்.

ஒரு வருடம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். மதுரையிலிருந்து ஒருவர் வந்து அன்றைக்கு இருந்ததிலேயே புது வெர்ஷனைப் போட்டுவிட்டுப் போனார். எப்படிப் போட்டார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வாரம் ஒரு படத்தை முத்துப்பட்டணத்தில் அவருக்கு மெயிலில் அனுப்பினேன். இறக்கி அனுப்ப வேண்டும் என்று மண்டையில் ஏறவில்லை. மத்தியானம் அவரே கடைக்கு வந்துவிட்டார், கையில் பச்சை நூல் கட்டிய பென்டிரைவோடு.

"சார், தொறக்கல. எறக்கிக் குடுங்க."

முத்துப்பட்டணத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். வேர்த்திருந்தது. நான் ஃபேனைத் திருப்பி வைத்தேன். டீ சொன்னேன். வேண்டாம் என்றார், வந்ததும் குடித்தார். இருபது நிமிடம் இருந்திருப்பார். அவர் போனதும் கடை ரொம்பப் பெரிதாக இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு கடை, நானே அளந்தது.

அடுத்த படம் அனுப்பும்போது நன்றாக ஞாபகம் இருந்தது. சேவ் செய்கிற பெட்டி திறந்தது. கீழே வெர்ஷன் பட்டியல் வந்தது. அவருடைய வெர்ஷனில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். அமுக்கவில்லை. அப்படியே அனுப்பினேன்.

வந்தார்.

"மறந்துட்டீகளா?"

"மறந்துட்டேன் மேடம்."

"உங்களுக்கு மறதியா, திமிரா?"

"ரெண்டும்தான். எங்க வீட்டுல ரெண்டயும் எனக்கே எழுதி வச்சிட்டாக."

இப்படி மூன்று வருடம் மறந்தேன். மழைக்காலத்தில் மறந்தேன், சித்திரை வெயிலில் மறந்தேன். குடையை மடக்கிக்கொண்டு அவர் படியேறுகிற சத்தம் கேட்கும். நான் ஏதோ முக்கியமாக வரைகிற மாதிரி திரையில் ஒரு கோட்டை இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டிருப்பேன். ஊரில் எல்லாருக்கும் இறக்கிக் கொடுக்கிறவரை, ஒரு கிளிக்குக்காக ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வைத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் வராத வாரம் அதைவிட மோசமாக இருந்தது. அதனால் வெட்கத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நான் எதுவும் அனுப்பாமலே வந்தார். பென்டிரைவைச் சொருகச் சொன்னார். ஒரு பிளான் திறந்தது. சின்ன வீடு.

"யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான். மானகிரியில அப்பா வாங்கிப் போட்ட எடம் இருக்குல்ல."

"சொல்லவே இல்ல!"

"தம்பி கூப்பிட்டுக்கிட்டே இருக்கான் சார். எடத்தக் குடுத்துட்டு அங்க வந்துரு, பிள்ளைகளோட இருக்கலாம்கிறான். அடுத்த மாசம் பதில் சொல்லணும். இத கட்டுனா இங்கயே இருந்துருவேன். இல்லன்னா போயிருவேன். நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். முன்னால் சின்ன வராந்தா, அடுப்படி, படுக்கையறை. கிழக்கே வெளிச்சம் வருகிற மாதிரி ஓர் அறை. அந்த அறையில் இரண்டு மேஜை வரைந்திருந்தார். எதிரெதிராக. ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. நாற்காலியின் கைப்பிடிகூட விடாமல் அவ்வளவு சுத்தமாக வரைந்திருந்தார்.

எனக்கு வாய் வறண்டுவிட்டது. வாய் வறண்டால் எனக்கு ஜோக்தான் வரும்.

"என்ன மேடம், டியூசன் சென்டரா?"

"இல்ல. வேல பாக்கத்தான்."

"எதிரெதிர போட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டேல்ல இருக்கணும்?"

"பாத்தா என்ன?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவர் யாரையும் நேராகப் பார்த்துப் பேசுகிறவர் இல்லை, திரையைப் பார்த்துத்தான் பேசுவார். அன்றைக்கு என்னைப் பார்த்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பலாம். நானே நம்பமாட்டேன். புரிந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல் என்பதும் புரிந்தது. அந்தச் சொல்லைச் சொன்னபிறகு நான் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. கோமாளியாக இருந்தே நாற்பது வருடம் ஓட்டியவன். அந்த வீட்டில் காலையில் எழுந்து, எதிர் மேஜையில் உட்கார்ந்து, தினமும் அதே ஆளாக எப்படி இருப்பது? இரண்டாம் நாளே தெரிந்துவிடாதா, உள்ளே வேறு சரக்கு இல்லையென்று?

"என் மூஞ்சி மாதிரி ஒரு மூஞ்சி எதிர உக்காந்தா வேல ஓடுமா மேடம்?" என்றேன். "ஒரு மேசையத் தூக்கிருங்க. அங்க பீரோ வைக்கலாம்."

அவர் படத்தின் பக்கம் திரும்பினார். பிறகு என் கையிலிருந்து மவுசை வாங்கினார். ஒரு மேஜையை, அதன் மேலிருந்த கம்ப்யூட்டரை, அந்த நாற்காலியைச் சுற்றி ஒரு கட்டம் இழுத்தார். அழித்தார். சேவ் செய்தார்.

"சரி சார். பீரோ நல்லாத்தான் இருக்கும்."

டீ வந்தது. குடிக்கவில்லை.

வீடு கட்டவில்லை. அடுத்த மாதம் புது பஸ் ஸ்டாண்டில் அவரை வழியனுப்பப் போனேன். இரண்டு பை, ஒரு அட்டைப்பெட்டி. வாங்கிக்கொண்டுபோன தேன்குழல் பொட்டலத்தைக் கொடுத்து, "கோயம்புத்தூர்ல எல்லாரும் மரியாதையாப் பேசுவாக மேடம், பயந்துறாதீக" என்றேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"இனிமே யாருக்கு அனுப்புனாலும் எறக்கி அனுப்புங்க சார். எல்லாரும் நடந்து வர மாட்டாக."

கையை ஆட்டினேன். பஸ் போனபிறகும் கொஞ்சம் ஆட்டினேன். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் எந்த ஊர் போகணும் என்று கேட்டார்.

ஒரு மாதம் கழித்து அவருடைய இன்ஜினியர் கூப்பிட்டார். "நீ அனுப்புன படம் எங்க கெடக்குன்னு தெரியலப்பா. வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போ." போனேன். அவருடைய நாற்காலியில் உட்காரத் தயக்கமாக இருந்தது, நின்றுகொண்டே தேடினேன். படம் கிடைத்தது, நான் இறக்காமல் மெயிலில் அனுப்பியது.

"கெடச்சும் பிரயோஜனம் இல்ல சார். இதுல தொறக்காது. உங்களுது பழைய வெர்ஷன்" என்றேன்.

"எதுய்யா பழசு?"

இன்ஜினியர் என்னைத் தள்ளிவிட்டு அவரே அமுக்கினார். என் படம் திறந்தது. எந்தப் பெட்டியும் வரவில்லை. மூலையில் வெர்ஷனைப் பார்த்தேன். என்னுடையதற்கும் அடுத்தது.

"இது எப்ப போட்டது?"

"நீ மாத்துனியே, அப்பவே ரெண்டு மாசத்துல. அந்தம்மாதானே ஆளக் கூட்டியாந்து போட்டுச்சு. இது இல்லன்னா செக்காலைக்காரரு படத்தத் தொறக்க முடியாதுன்னு என்னய நச்சரிச்சு. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

மூன்று வருடம். அவருக்குத் தேவையே இல்லாத பழைய வெர்ஷனில் ஒவ்வொரு படத்தையும் இறக்கிக் கொடுத்திருக்கிறேன். அவரும் பத்திரமாக வாங்கிக்கொண்டு நடந்து போயிருக்கிறார்.

அவரைக் கூப்பிட எனக்கு மேலும் ஒரு வருடம் ஆனது. நான் எதையும் யோசித்துச் செய்கிறவன் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். போனில் பின்னால் பிள்ளைகள் சத்தம். நல்லா இருக்கீகளா, நல்லா இருக்கேன், தம்பி எப்பிடி இருக்காக, எல்லாம் ஆனது.

"ஒண்ணு கேக்கணும் மேடம். அந்த ஆபீசுல என் படம் தொறந்துச்சாமே?"

பிள்ளைகள் சத்தம் குறைந்தது. அவர் வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"தொறந்துச்சு சார்."

"பெறகு எதுக்கு வந்தீக?"

"நீங்க எதுக்கு எறக்காம அனுப்புனீக?"

இதற்கு எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. அவரும் அவசரப்படவில்லை. காத்திருந்தார். யாருக்கும் புரிகிறவரை காத்திருக்கிறவர்தானே அவர். என்னால் அப்போதும் சொல்லியிருக்க முடியும். மானகிரி இடம் போனால் என்ன, இடமா இல்லை. ஒரு டிக்கெட் எடுத்தால் கோயம்புத்தூர் போய்விடலாம்.

"அங்குட்டு மழையா மேடம்?" என்று கேட்டேன்.



"இல்ல சார்" என்றார். "வெயில்தான்."